அரைப்புள்ளி

கதையின் முதல் பத்தியில் மழை வைத்திருந்தேன்.
இவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு
"சித்திரையில் பள்ளத்தூரில் ஏது மழை?" என்றார்.
முப்பத்தொரு வருஷம் கூட்டுறவு வங்கியில்
பற்றையும் வரவையும் நேராக்கிய கண்.

மழையை அடித்தேன்.
வளவில் வடகம் காய்ந்துகொண்டிருந்தது.
அதன் மேல் கிடந்த வெயிலை எடுத்துக்
கதைக்குள் போட்டேன்.
மழையென்றால் சிகப்பியின் துக்கம் கரைந்திருக்கும்.
வெயிலில் அது முறுகிக் கிடந்தது.
கதைக்கு அதுதான் நல்லது.
இவரிடம் சொல்லவில்லை.

"தூணைப்போல் குளிர்ந்திருந்தது வயிரவன் கை.
தேக்குத் தூண் குளிராதே,
கருங்கல்தான் குளிரும்."
பர்மாத் தேக்குக்கு நடுவே பிறந்தவர்.
சொன்னால் கேட்கத்தான் வேண்டும்.
குளிரை எடுத்தேன், 'போல்' என்பதையும் எடுத்தேன்.
வயிரவன் கை தூண்.
உவமையாய் இருந்தவரை
பக்கத்திலாவது நின்றான்.

"இதென்ன,
சோறு பரிமாறப்பட்டது,
பாய் விரிக்கப்பட்டது,
விளக்கு அணைக்கப்பட்டது.
யார் செய்தது? ஆளையே காணோமே."
"அந்த வீட்டில் அப்படித்தான்" என்றேன்.
கொஞ்ச நேரம்
ஆத்தங்குடிக் கல்லில் இருந்த பூவைப்
பெருவிரலால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த பக்கம்.
"சாவி மூன்று இடத்தில் வருகிறது,
ஒன்று போதாதா?"
முதலில் அது அவன் இடுப்பில்.
பிறகு ஆணியில்.
பிறகு எவரும் கேட்காமலே
சிகப்பியின் முந்தானை முடிச்சில்.
விரலை வைத்து வரிகளை மறுபடி எண்ணினார்.
"அப்போது நான் எங்கே?"
"நீங்கள் இல்லை, வயிரவன்."
"சரி, வயிரவன் எங்கே?"
"இரண்டு பத்திக்கு நடுவில்
ஒரு வரி இடம் விட்டிருக்கிறேன் பாருங்கள்,
அதில் இறந்துபோனான்."

தாளை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தார்.
"இவ்வளவு சின்ன இடத்திலா?"

பிணம், அழுகை, ஏழூர்ப் பங்காளிகள்
எல்லாம் முதல் பிரதியில் இருந்தார்கள்.
அத்தனை பேர் சத்தத்தில்
சாவி கிலுங்குவது கேட்கவில்லை.
அனுப்பிவிட்டேன்.

கடைசி வரியில் சிவப்புப் பேனா நின்றது.
"இங்கே அரைப்புள்ளி விழுந்திருக்கிறது.
கதை முடிகிற இடமாயிற்றே,
முற்றுப்புள்ளி ஆக்கிவிடவா?"

நான் பதில் சொல்லுமுன்
இவருக்கே தெரிந்துவிட்டது.
கோயில் வரி நோட்டை
பதினாறு வருஷம் எழுதியவர்.
மாலை மாற்றிய நாளில்
நாங்கள் இருவரும் சேர்ந்து அதில் ஒரு புள்ளி.
ஒருவர் போனால்
மிச்சமிருப்பவர் அரை.
எத்தனை பெயருக்கு நேரே
இதே கையால் அரை என்று எழுதி
வரியைப் பாதியாக்கியிருப்பார்.

பேனா மூடப்பட்டது என்று எழுதலாம்.
இவர்தான் மூடினார்.

எழுந்து வளவுக்குப் போய்
வடகத்தை ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டார்,
நடுநடுவே
மழை வந்துவிடுமோ என்று
வானத்தைப் பார்த்துக்கொண்டு;