வேலை செய்யாதது

"வேலை செய்யாத வைஃபை ஏதும் இருக்கா?"
நான் கேட்டதும்
கல்குலேற்றரிலிருந்து விரலை எடுத்தார் யூட் அண்ணை.
ஸ்ரான்லி வீதியில் இருபத்திரண்டு வருசமாய்க் கடை.
வேலை செய்யாததைத் திருப்பிக் கொண்டுவந்தவர்களோடு
தொண்டை கிழியச் சண்டை பிடித்திருக்கிறார்.
அதற்கு விலை கேட்டு
ஒருவரும் வந்ததில்லை.

நகமளவு அடாப்டர்.
பெட்டியில் ஒரு பேர், உள்ளே வேறொரு சில்லு.
போன மாசம் ஆயிரத்து எண்ணூறு கொடுத்தேன்.
அதற்கு முதல் மாசம் இரண்டாயிரத்து இருநூறு:
அதே பெட்டி, அதே நீலம்,
மூலையில் அதே நட்சத்திரம்.
இரண்டுக்கும் யாரோ எப்பவோ
இயக்கி எழுதி முடித்துவிட்டார்கள்.
செருகின உடனே வேலை செய்தன.
எனக்கு அழுகை வந்தது.

வெளியிலிருந்து எடுப்பிக்கலாம்தான்.
சாமான் ஆறு டொலர், அது வந்துசேரப் பதினேழு.
நெல்லியடி மருந்துக்கடையில் கணக்குப் பதிகிறவளுக்கு
டொலர் என்பது
அடுத்த காணிக்குள் காய்க்கிற மாமரம்.

"வேலை செய்யாததை வைச்சு என்ன செய்வீர்?"
"இயக்கி எழுதுவன்."
"சாரதியோ?"
"ஓம். வாகனம் இருக்கு, ஓட்ட ஆளில்லை."
"எழுதினா எவ்வளவு தருவாங்கள்?"
"ஒண்டுமில்லை. ஆரும் எடுக்கலாம், திருத்தலாம்."
என்னைப் பார்த்தார்.
பிறகு கொஞ்சநேரம் மின்விசிறியைப் பார்த்தார்.

மேசைக்கு அடியிலிருந்து
கடைப்பெடியன் டிலக்சன் இழுத்தெடுத்தான்
ஒரு பிஸ்கற் தகரம்.
திரும்பி வந்தவை, முப்பதுக்குக் கிட்ட.
மூடி இல்லாதது, பல்லுப்பட்டது,
பிளாஸ்ரர் ஒட்டி "கள்ளச் சாமான்" என்று
கோபமாய் எழுதியிருந்தது.
ஒவ்வொன்றாய் மடிக்கணினியில் செருகினேன்.
நாலு எழுத்து, முக்காற்புள்ளி, நாலு எழுத்து.
தெரிஞ்சது.
தெரிஞ்சது.
இது செத்துப்போச்சு.
தெரிஞ்சது.
சார்ஜர் வாங்க நின்ற மனிசன் எட்டிப் பார்த்தார்:
"என்ன, சாதகம் பொருத்திறியளோ?"
கரன்ட் போனது. பற்றரி பத்தொன்பது வீதம்.
இருபத்திமூன்றாவது
என் பட்டியலில் எங்கேயும் இல்லாத இலக்கம்.
அதே சாதியில் இன்னும் மூன்று கிடந்தன.

"முந்நூறுப்படி. நாலும் எண்டா ஆயிரம்.
வேலை செய்யாது எண்டு சொல்லித்தான் தாறன்,
பிறகு கொண்டுவந்து நிக்கக்கூடாது."

பதினொரு இரவு.
ஒன்று சூட்டில் போய்விட்டது.
ஒன்றின் தகரத் தொப்பியைப் பிளேற்றால் கிளப்பி
பூதக்கண்ணாடியில் பேரைப் படித்தேன்.
செய்த கொம்பனிக்கு மூன்று கடிதம்; மூச்சில்லை.
விண்டோஸ் அதனோடு எப்படிக் கதைக்கிறது என்று
ஒட்டுக்கேட்டேன், வரிவரியாய்.
எழுப்புகிறது.
ஐம்பது மில்லிசெக்கன் சும்மா இருக்கிறது.
அதற்குப் பிறகுதான் முதல் கேள்வி.
நானோ
எழுப்பின கையோடே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஒரு வரி சேர்த்தேன்: பொறு.

இரண்டு மணி பத்து நிமிசம்.
இருட்டுக்குள் அயல் முழுக்கப் பேர்பேராய் எழுந்தது:
அருட்சோதி மேல்மாடி,
செல்வி ரியூசன்,
பாஸ்வேர்ட் கேக்காதையுங்கோ,
பேரே இல்லாத ஒன்று,
ஒற்றைக் கோட்டில் நடுங்கிக்கொண்டு
சந்தியடிச் சலூன்.
ஒன்றோடும் இணையவில்லை.
சும்மா வாசித்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை எழுநூற்றைம்பதில் ஏறிப் போனேன்.
வாசலில் கண்டதுமே கையை உயர்த்தினார்:
"திருப்பி எடுக்கமாட்டன்."
"வேலை செய்யுது, அண்ணை."
"அப்ப ஏன் வந்தனீர்?"

டிலக்சன் அதற்குள் தகரத்தைத் தூக்கிவிட்டான்.
புதிதாய்த் திரும்பி வந்த எட்டு,
ஒவ்வொன்றிலும் பென்சிலால்
நாலு எழுத்து, முக்காற்புள்ளி, நாலு எழுத்து.
ஆரும் சொல்லிக்கொடுக்கவில்லை,
அண்டைக்குப் பார்த்துக்கொண்டு நின்றவனாம்.
கடைசி இரண்டை நான் முன்னம் கண்டதில்லை.

"எவ்வளவு?"
"ஐந்நூறு."
"போனமுறை முந்நூறெல்லே!"
யூட் அண்ணை கல்குலேற்றரைத் தன் பக்கம் திருப்பினார்.
"போனமுறை
இதுக்குக் கேள்வி இருக்கேல்லை, பிள்ளை."