நான்காம் நாள்

விமானம் அதிகாலை இரண்டரைக்குத்தான்
ஜானெத்தில் இறங்கும், பிரேடா.
மூன்றாம் முறையாகக் கேட்கிறீர்கள்.
மூன்றாம் முறையாக மன்னிப்புக் கேட்கிறேன்,
விமானம் என்னுடையது போல.

அழைப்புக் கடிதத்தில் முத்திரை விழுந்துவிட்டது.
உங்கள் குடும்பப் பெயரில்
ஓர் எழுத்தின் தலைமேல் உட்கார்ந்திருக்கும் சின்னக் கொக்கியை
அலுவலகக் கணினி ஏற்கவில்லை.
நானே பேனாவால் போட்டேன்.
பிறகு பயந்துபோய்
புதிதாக இன்னொரு கடிதம் வாங்கினேன்.

அட்டை இங்கே செல்லாது, ரொக்கம் கொண்டுவாருங்கள்.
தண்ணீர் ஆளுக்கு நாளொன்றுக்கு ஆறு லிட்டர்.
தலைக்குக் குளிக்க வேண்டுமென்றால்
எஸென்டிலீன் பள்ளத்தாக்கில் பாறைகளுக்கு இடையே ஒரு குட்டை இருக்கிறது.
போன மாதம் இருந்தது.

தேநீர் மூன்று முறை வரும்.
மூன்றுக்கும் மூன்று உவமை வைத்திருக்கிறான் கூமூர்,
பயணிகளுக்கென்று.
வீட்டில் நாங்கள் உவமையில்லாமல் குடிக்கிறோம்.
சர்க்கரை வேண்டாம் என்று எழுதியிருக்கிறீர்கள்.
அதை அவனிடம் இன்னும் சொல்லவில்லை,
நல்ல நேரம் பார்த்துச் சொல்ல வேண்டும்.

நிலவில்லாத வாரம் கேட்டீர்கள், நட்சத்திரங்களுக்காக.
கொடுத்துவிட்டேன்.
பிறகு, அடிக்கோடிட்டு,
'யாருமே போகாத ஓர் இடம்'.

ரைஷாவுக்குப் படித்துக் காட்டினேன்.
மாவு பிசைந்த கையை எடுக்காமல் கேட்டாள்:
"யாருமே என்றால், யார்?"

அப்படி ஓர் இடத்தை நான்காம் நாளில் வைத்து
முன்கூட்டியே பார்த்துவர
நானும் கூமூரும் வண்டியை எடுத்தோம்.
செம்மணல். கரும்பாறை. எந்தச் சக்கரத்தின் தடமும் இல்லை.
உங்களுக்குப் பிடித்திருக்கும்.

பாறையில் மாடுகள் நின்றன,
விரல் புதையும் ஆழத்துக்கு யாரோ உரசி உரசிச் செதுக்கியவை,
இங்கே புல் இருந்த காலத்தில்.
சரி, ஒருவர் வந்திருக்கிறார்.
நிழலில் மூன்று கல், பழைய கரி.
மத்தி மீன் டப்பா ஒன்று, மூடி பின்னால் மடங்கி.
அதற்கு அப்பால் ஒற்றைச் செருப்பு.

இளநீலப் பிளாஸ்டிக்.
வார் அறுந்த இடத்தில் கம்பி முறுக்கிக் கட்டியிருந்தது.
நுனி வடக்கே பார்த்திருந்தது.

இன்னொன்றைத் தேடினோம்.
மேட்டில் கூமூர், பள்ளத்தில் நான்.
பொழுது சாயும்வரை தேடினோம்.
ஒரு செருப்புக்காக அவ்வளவு நேரம்
யாரும் தேடமாட்டார்கள் என்பதை
இருவரும் சொல்லிக்கொள்ளவில்லை.

இரவு, தணலுக்கடியில் மணலில் புதைத்து
ரொட்டி சுட்டான்.
எடுத்தான், தட்டினான், ஊதினான்.
மூன்றாகப் பிய்த்தான்.
நாங்கள் இரண்டு பேர்.

ஆகவே நான்காம் நாள் மாறியிருக்கிறது, பிரேடா.
கூடாரம் ஏழு கிலோமீட்டர் மேற்கே.
காரணம் என்ற இடத்தில்
'காற்று' என்று எழுதினேன்.
காற்றும் இருந்தது, பொய்யில்லை.
நட்சத்திரங்கள் அங்கேயும் அவ்வளவுதான்.

என்னென்ன கொண்டுவர வேண்டும் என்றீர்கள்.
தலையில் மாட்டும் விளக்கு.
கம்பளிச் சட்டை, சகாரா என்று நம்பி ஏமாந்துவிடாதீர்கள்.
உதட்டுக்குக் களிம்பு.
பையில் இடமிருந்தால்
ஒரு ஜோடி ஆண் செருப்பு,
விலை குறைந்ததே போதும்.

உடனே பதில் அனுப்பினீர்கள்:
'சந்தோஷமாக! என்ன அளவு?'

இரண்டு நாளாகத் திறந்தே கிடக்கிறது அந்தக் கேள்வி.
கடையை மூடப்போகும் நேரத்தில்
மேசைமேல் கையை விரித்துப் பார்க்கிறேன்.
அன்று அதைத் தூக்கி மணலைக் கொட்டியபோது
மணிக்கட்டில் தொடங்கி
நடுவிரலைத் தாண்டி,
இதோ,
இவ்வளவு இருந்தது.