கண்ணாடிப் பதிப்பு

செந்தூலில், சலவைக்கடைக்கு மேல்மாடியில்
எங்கள் பதிப்பகம்.
பதிப்பகம் என்றால் ஒரு மேசை, ஒரு கணினி,
ஆஸ்பத்திரி ஷிப்ட் முடிந்து வரும் நாள்களில் தயாளினி.
கீழே இயந்திரங்கள் சுழலும்போது
மேலே காதலர்கள் லேசாக நடுங்குவார்கள்.

ஜப்பானிய வாய்க்குமிழ் ஒல்லி, உயரம்.
அங்கே எழுத்து படியிறங்கி வருகிறது.
தமிழோ கால் நீட்டி உட்காரும் மொழி.
ஒருத்தி மன்னிப்புக் கேட்க
மூன்று மாடி வேண்டியிருக்கிறது:
மன்னித்
துவிடு
ங்கள்.
'ங்'கில் ஒரு வரி தொடங்கலாமா என்று
தமிழாசிரியை ஒருவர் அழைத்துக் கேட்டார்.
இடமில்லை டீச்சர் என்றேன்.
அதுவே ஐந்தெழுத்து.

நெஞ்சடிக்கும் ஓசைக்கு நம்மிடம் பஞ்சமில்லை.
படபட, திக்திக், தடதட,
தயாளினி மூடுக்குத் தகுந்தபடி போடுவாள்.
மௌனத்துக்கும் அவர்களிடம் ஓர் ஓசை உண்டு,
பெரிய எழுத்தில், கட்டம் முழுக்க.
அதற்கு நான்கு இரவு தேடினோம்.
'கம்' என்று போட்டுப் பார்த்தேன்,
வாசனை அடிக்கிறது என்றாள்.
கடைசியில் கட்டத்தை வெறுமையாகவே விட்டோம்.
அச்சகத்து ஆ சுவீ உடனே போன் போட்டார்:
பதினேழாம் பக்கத்தில் எழுத்தைக் காணோம்.
அவருக்குத் தமிழ் தெரியாது,
காலியிடம் தெரியும்.

முதல் தொகுதியைத் திருப்பிப் போட்டது என் யோசனை.
பின்னாலிருந்து வாசி என்றால் நம்மவர்கள்
தலைகீழாய்த் தைத்துவிட்டான் என்று
பணத்தைத் திருப்பிக் கேட்பார்கள்.
ஒரே சொடுக்கு,
எல்லாப் பக்கமும் கண்ணாடிக்குள் போயிற்று.
முந்நூறு பிரதி. நாலாயிரத்து இருநூறு வெள்ளி.
கார் தவணை இரண்டு மாதம் காத்திருந்தது.

அச்சாகி வந்த பிறகுதான்
ஒசாகாவிலிருந்து ஓவியரின் மடல், மிக மரியாதையாக:
கிமோனோவின் இடப்பக்கம் மேலே மடிந்தால்
உயிரோடு இருப்பவர்.
வலப்பக்கம் மேலே மடிந்தால்
சவப்பெட்டிக்குப் போகிறவர்.

அதாவது என் இரண்டு பெண்களும்
நூற்றெண்பது பக்கம், ஒரே குடைக்குள்,
செத்துப்போய்க் காதலித்துக்கொண்டிருந்தார்கள்.

நாற்பத்தொன்று விற்றது.
படக்கதைதானே என்று பிரிக்பீல்ட்ஸ் கடைக்காரர்
சிறுவர் வரிசையில் வைத்தார்.
ஓர் அம்மா முப்பதாம் பக்கம்வரை வாசித்துவிட்டு
ரசீதோடு வந்தார்.
மீதியெல்லாம் என் மைவியின் பின்சீட்டில்.
பிரேக் போட்டால் சரிந்து வந்து
தோளைத் தட்டும்.

தைப்பூசம் முடிந்த வாரம்
சுங்கை பட்டாணியிலிருந்து ஓர் ஆர்டர்.
இரண்டாவது பிரதி, அதே பெயர், சி. மேகவர்ணா.
பொட்டலத்தின்மேல் புத்தகப் பெயர் வேண்டாம்,
போன தடவை போலவே.
கீழே எழுதியிருந்தாள்:
இதில் எல்லோரும் இடக்கையால் சாப்பிடுகிறார்கள்.
இடக்கையால் கடிதம் எழுதுகிறார்கள்.
யாரும் யாரையும் அதட்டவில்லை.
என் பிரதியை ஒருத்தியிடம் கொடுத்துவிட்டேன்.
அடுத்த தொகுதியும் இப்படித்தானே?

அடுத்த தொகுதி அன்று காலையே
ஆ சுவீயிடம் போயிருந்தது.
வலமிருந்து இடம். மடிப்பெல்லாம் சரி.
எல்லோரும் உயிரோடு,
எல்லோருக்கும் வலக்கை.

பதில் எழுத உட்கார்ந்தேன்.
கீழே யாரோ காசு போட, மேசை நடுங்கியது.
'இல்லை' என்று எழுதி அழித்தேன்.
தயாளினிதான் ஒரு பக்கத்தை மட்டும் எடுத்துத் திருப்பினாள்.
முத்தப் பக்கமல்ல,
பஸ் நிறுத்தத்தில் இருவரும் நூடல்ஸ் சாப்பிடுவது.
வேலைக்குப் போகும் சட்டையில் இருக்கிறார்கள்,
திருப்பினாலும் சாகாத உடை.
பொத்தான் மட்டும் ஆம்பிளைச் சட்டைபோல் ஆகிவிட்டது.
இருக்கட்டும் என்றாள்.
அச்சுப்பொறியில் மை குறைவு,
மழை சாம்பலாக வந்தது.

புத்தகத்துக்குள் அதை மடிக்காமல் வைத்து ஒட்டினேன்.
அனுப்புநர் இடத்தில் சலவைக்கடை முகவரி.
எட்டு வெள்ளி.
பொருள் விவரம் என்ற கட்டத்தில்
'துணி' என்று எழுதினேன்.