இடது விளக்கு

தேவசகாயத்தின் வேனுக்கு
நான்கு விளக்கு கட்டியது நான்தான்.
கூரைமேல் ஒரு கம்பி, கம்பிமேல் நான்கு.
இடது ஓரத்துக்குத் துளை போடும்போது
ட்ரில் வழுக்கி
அரை விரல் தள்ளிப் போய்விட்டது.
அது மட்டும் கொஞ்சம் தலை சாய்ந்து நிற்கும்,
கூட்டத்தில் காது மந்தமானவன் மாதிரி.

சட்டம் எனக்குத் தெரியாமல் இல்லை.
ஜே.பி.ஜே. ஆள் ஒருவர் என் கடையில்
தே தாரிக் ஆறும்வரை சொன்னதை எழுதி
பேட்டரி கம்பெனி காலண்டருக்குக் கீழே ஒட்டியிருக்கிறேன்:
கூடுதல் என்றால் இரண்டு.
முகவிளக்குக்கு மேலே ஏறக்கூடாது.
நீலம் வேண்டாம். சிவப்பு முன்னால் வேண்டவே வேண்டாம்.
எதிரே வண்டி வந்தால் அணைய வேண்டும்.

வாசித்துவிட்டு எல்லாரும் சிரிப்பார்கள்.
தேவசகாயம் சிரிக்கவில்லை.
"எட்டாம் கட்டையிலேர்ந்து கையுறை ஃபேக்டரி வரைக்கும்
ஒரு விளக்குக் கம்பம் காட்டுண்ணே,
ஒரு லைட்டைக் கழட்டுறேன்."

காட்ட முடியவில்லை.
விடிகாலை நாலு மணிக்கு அந்தச் சாலையில்
செம்பனை இரண்டு பக்கமும் கைகோத்து
வானத்தை மூடிவிடும்.
தாரின் சூட்டுக்கு வந்து படுத்திருக்கும் மாடுகள்,
கறுப்பு மாடுகள்,
மோதிய பிறகு யாருக்கும் சொந்தமில்லாத மாடுகள்.
வேனுக்குள் பதினொரு பெண்கள்
ஒருத்தி தோளில் ஒருத்தி.
கட்டிக்கொடுத்தேன்.
நூற்றெண்பது வெள்ளி. பாதி கடன்.

போன சனிக்கிழமை இரவு
மைத்துனி வீட்டில் சாப்பிட்டுவிட்டு
மோட்டாரில் திரும்பினோம்.
பின்னால் தவமலர், அவள் மடியில் மீந்த பிரியாணி.
ஆறாம் கட்டை வளைவில்
சாலை வெள்ளையாகிப் போனது.
என் கை, கைப்பிடி,
நான் சாலைக்கு எந்தப் பக்கம் என்பது,
எல்லாம் வெள்ளை.
முப்பது வருஷம் இருட்டில் ஓட்டியிருக்கிறேன்,
இருட்டில் ஏதாவது தெரியும்.

கால்வாயில் இறங்குமுன்
ஒன்றே ஒன்றைப் பார்த்தேன்:
நான்கில் ஒன்று தலை சாய்ந்திருந்தது.

தவமலருக்கு முழங்கை. எனக்கு மானம்.
மாலை ஷிப்டை இறக்கிவிட்டுத் திரும்பிய தேவசகாயம்
ஓடிவந்து கத்தினார்:
"யாருப்பா அது, லைட்டே இல்லாம வர்றது?"
என் மோட்டாரில் லைட் எரிந்துகொண்டுதான் இருந்தது.
அவருடைய வெளிச்சத்தில்
அது இல்லாமல் போயிருந்தது.

மறுநாள் அவரே வேனைக் கொண்டுவந்தார்.
கூடவே ரெஜினா, பெண்கள் சார்பில்:
"போன மாசம் மாட்டைப் பார்த்தது இந்த லைட்டாலதான்.
கழட்டிட்டா நாங்க என்ன பண்றது?"
அவள் சொன்னது சரி.
தவமலரின் கட்டுப்போட்ட முழங்கையும் சரி.
என் சுவர்த்தாளில் ஒன்றுக்குத்தான் இடம் இருந்தது.

கம்பியை இறக்கினேன்.
இரண்டை பம்பருக்குக் கீழே வைத்து
மாடு படுக்கும் ஓரத்தைப் பார்த்துச் சாய்த்தேன்.
ரிலே போட்டு ஹைபீமோடு கோத்தேன்:
விரலால் ஒரு தட்டு,
மூன்றும் சேர்ந்து தாழும்.
தட்டுவதற்கு மட்டும் ரிலே கிடையாது.
கம்பத்துக்கு மனு போட்டிருக்கிறோம்,
அது வேறு கதை.

புதன்கிழமை பாலத்தருகே ரோட் பிளாக்.
அதிகாரி குனிந்தார், டேப் வைத்து அளந்தார்,
தலையாட்டினார்.
பிறகு வேனுக்குள் டார்ச் அடித்தார்,
பதினொரு முகத்திலும், ஒவ்வொன்றாக.
எல்லாரும் கண்ணை இறுக்கிக்கொண்டார்களாம்.
"ஜாலான்" என்றார்.

கூரைத் துளைகளைச் சிலிக்கோனால் அடைத்தேன்.
இடது ஓரம் மட்டும், தள்ளிப் போட்டதல்லவா,
இன்னும் ஒழுகுகிறது.
அதற்கு நேர்கீழே ரெஜினாவின் இடம்.
மழை நாளில்
குடை பிடித்தபடி தூங்குகிறாள்.