தகட்டின் மேல் அரை நொடி

அபு ஷகாராவில் மழை பெய்யவில்லை.
ஆனாலும் செப்டம்பர் ராத்திரி ஒரு மணிக்குச்
சாலை நடுவில் கிடக்கும் இரும்புத் தகடு
நனைந்திருக்கிறது.
கடல் பக்கமிருந்து வரும் காற்று
ஹெல்மெட் கண்ணாடியில், மீட்டரில், கைப்பிடியில் தடவி,
மிச்சத்தை அதன் மேல் துடைத்துவிட்டுப் போகிறது.

குழாய் பதிக்கப் பள்ளம் வெட்டினார்கள்.
வெட்டிய வேகத்தில் மூடவில்லை.
இரண்டு தகடுகள். நடுவே
சுண்டுவிரல் அகலத்துக்கு ஒரு சந்து.
லாரி போனால் ‘டடக்’ என்கிறது.
நான் போனால் ஒன்றும் சொல்வதில்லை.
அதுதான் பயம்.

முதல் வாரமே ஜர்வலி விழுந்தான்.
வேகம் முப்பதுகூட இல்லை.
திருப்பத்தை முடிக்காமல், சாய்ந்தபடியே ஏறியவன்
பூனை ஒன்றைக் கண்டு முன் பிரேக்கைத் தொட்டிருக்கிறான்.
தொட்டேன் என்றுதான் சொன்னான்,
பிடித்தேன் என்று சொல்லவில்லை.
வண்டி ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம்,
எட்டு ஷவர்மா ஒரு பக்கம்.
பூனைக்கு மட்டும் அன்றைக்கு நல்ல ராத்திரி.

எனக்குப் பாடம் எடுத்தது ரசம்.
நானூற்றுப் பன்னிரண்டாம் ஃபிளாட், ஜெசிந்தா சிஸ்டர்,
டியூட்டி முடிந்து வந்ததும் நாலு இட்லி, ஒரு ரசம்.
மெஸ்ஸில் டப்பாவை மூடி
நெகிழித்தாளை இரண்டு சுற்றுச் சுற்றித் தருவார்கள்.
அப்படியும் கசியும்.
நான் எப்படி ஓட்டினேன் என்பதை
மூடியின் ஓரம் காட்டிக்கொடுத்துவிடும்.

குறைக்க வேண்டியதைத் தாரிலேயே குறைத்துவிடு,
டயருக்குப் பிடிமானம் இருக்கும்போதே.
வண்டியை நிமிர்த்து.
விளிம்பை உரசிக்கொண்டு போகாதே, குறுக்கே வெட்டிப் போ.
அப்புறம் கைகள் சும்மா இருக்கட்டும்.
பிரேக் கிடையாது.
ஆக்சிலேட்டரைத் திருகுவதும் இல்லை, விடுவதும் இல்லை.
கிளட்சுக்கு லீவு.
முழங்கையைத் தளர்த்தித்
தகட்டைப் பார்க்காமல்
அதற்கப்பால் ஒற்றை எழுத்து அணைந்து எரியும்
லாண்டரி போர்டைப் பார்.
அரை நொடி.
அந்த அரை நொடி வண்டியை ஓட்டுவது நான் இல்லை,
அதற்கு முன்னால் நான் செய்துவைத்தது.

ஆப்புக்கு இதெல்லாம் தெரியாது.
அதில் நான் ஒரு நீலப் புள்ளி.
புள்ளிகள் வழுக்குவதில்லை.
‘இரண்டு நிமிடம் தாமதம்’ என்று
சிவப்பில் எழுதுகிறது.

ஒருமுறை முன்னால் போன லெக்சஸ்
காரணமே இல்லாமல் நின்றது.
நான் தகட்டின் மேல் மாட்டிக்கொண்டேன்.
வண்டி நின்றது; ஊன்றிய கால் நிற்கவில்லை.
அத்தனை எடையையும் இடுப்பில் தாங்கி
ரசத்தைக் காப்பாற்றினேன்.
இப்போதெல்லாம் முன்னால் இருப்பவன் முழுக்கத் தாண்டும்வரை
இந்தப் பக்கமே காத்திருக்கிறேன்.
பின்னால் ஹாரன் அடிப்பவர்கள் அடிக்கட்டும்.

நேற்று தகட்டில் கோடுகள்.
வெல்டிங் ராடால் இழுத்த தழும்புகள்,
கோணல்மாணலாக,
ஒன்றாம் வகுப்புப் பையன் ஸ்கேல் இல்லாமல் போட்டது போல.
டயர் ஏறியதும் ‘கர்ர்’ என்றது.
ஒன்றரை மாதத்தில் முதல்முறையாக
என்னிடம் ஒரு வார்த்தை.

தடுப்பருகே உட்கார்ந்திருந்த மொபாரக்கிடம்
என் உடைந்த ஹிந்தியில் நன்றி சொன்னேன்.
அவன் சிரித்தான்.
உங்களுக்கா? சிமெண்ட் தள்ளுவண்டி வழுக்கி
ஃபோர்மேன் காலில் கவிழ்ந்தது, அதற்கு.

சரிதான்.
யார் கால் என்றால் என்ன.

இன்றைக்கும் தாரிலேயே குறைத்தேன்.
கோடு தேயும். மணல் வந்து இடுக்கை நிரப்பும்.
டீசல் சொட்டிக்கொண்டு ஏதாவது ஒரு டேங்கர் போகும்.

நானூற்றுப் பன்னிரண்டு கதவைத் திறந்தது.
யூனிஃபார்ம்கூட மாற்றாத ஜெசிந்தா சிஸ்டர்
டப்பாவின் மூடியைச் சுற்றி விரலை ஓட்டினார்,
வார்டில் யாருக்கோ கட்டுப் பிரித்துப் பார்ப்பது போல.
“காய்ஞ்சிருக்கு” என்றார்.