பலகோணம் மூடவில்லை

புஷ்பலீலாவின் தோட்டத்துக்கு
ஒழுங்காக நான்கு மூலை இல்லை.
ஒன்று தோட்டுத் தண்ணீரில் இறங்குகிறது.
ஒன்று அயல்காரனின் அயனி மர வேரில்.
ஒன்று கல்லைத் தாண்டிக் கேரளத்துக்குள்.
நாலாவதைக் கால் பெருவிரலால் கோடு கிழித்துக் காட்டினாள்:
"இன்னா, இஞ்ச வரைக்கும் எனக்கது."

பளுகல் பட்டாவில் நாற்பது சென்ட்.
மீதி இருபத்திரண்டுக்கு
வெள்ளறடை வில்லேஜ் ஆபீசில் கரம் கட்டிய ரசீது,
மலையாளத்தில்,
துணிக்கடைக் கவருக்குள் நாலாக மடித்து.

தோட்டம் ஒன்றுக்கு அறுபது ரூபாய் எனக்கு.
போனை ஏந்திக்கொண்டு எல்லையைச் சுற்றி நடக்க வேண்டும்.
முப்பதடிக்கு ஒருமுறை நின்று,
வானத்தில் எதுவோ என்னைக் கண்டுபிடிக்கும்வரை
அட்டைகளுக்குக் காலைக் கொடுத்துக் காத்திருக்க வேண்டும்.
ரப்பர் இலை அடர்ந்த இடத்தில்
வானத்துக்கும் கண் தெரிவதில்லை.

கடலுக்கு அப்புறம் குளிரான ஊரொன்றில்
மேசை போட்டு முடிவெடுத்தார்கள்:
காடழித்த மண்ணின் பால்
தங்கள் வண்டிச் சக்கரத்தில் சுற்றக் கூடாது.
நியாயம்தான்.
அது டெல்லியில் சுற்றறிக்கையாகி
கோட்டயத்தில் கூட்டமாகி
மார்த்தாண்டத்தில் அரைநாள் பயிற்சியும்
ஆளுக்கு இரண்டு உளுந்து வடையுமாகி
இன்று காலை பத்தரைக்கு
என் செருப்படியில் சேறாகியிருக்கிறது.

கேள்வி பதினாலு.
'2020 டிசம்பருக்குப் பின் இந்நிலத்தில் காடு அழிக்கப்பட்டதா?'

சிரட்டையிலிருந்து ஒட்டுப்பாலை உரித்தபடியே சொன்னாள்:
"நூத்திப்பத்து மரம் நின்ன இடம்.
ஓகியில அம்பது சாஞ்சுது.
இந்தப் பக்கம் மிச்சம் நின்ன இருபத்தஞ்சையும்
கொரோனா வருசம் அறுத்துக் குடுத்தேன்.
அவியள திருவனந்தபுரத்துல
பதினெட்டு நாள் கெடத்தினோம் இல்லியா.
அது காடா?"

ஆம், இல்லை,
இரண்டு பெட்டிதான் உண்டு.
இல்லை என்று தொட்டேன்.
திரை சிவந்து 'முரண்' என்றது.
மேலேயிருந்து பார்க்க
முதிர்ந்த ரப்பரும் காடும் ஒரே பச்சை.
பட்டையில் அவள் கத்தி சாய்த்து இறக்கிய வரிகள்
அத்தனை உயரத்துக்குப் போய்ச் சேரவில்லை.

"எனக்க வீடு தெரியுமா அதுல?"
விரல்களை அகட்டிக் காட்டினேன்.
ஒரு நீலச் சதுரம்.
"அது தார்ப்பாயாக்கும். புயல் கழிஞ்ச மாசம் குடுத்தது."
ஷீட் புகைக்கும் புரைமேல் இன்னும் கிடந்தது அது,
ஓரத்தில் கொடியும் எழுத்துமாக.
எழுத்துக்கூட்டி வாசித்தேன்.
கேள்வி பதினாலும் அங்கிருந்துதான் வருகிறது.
ஒருவேளை ஒரே கட்டடம்,
வேறு வேறு மாடியாக இருக்கும்.

அவளிடம் சொன்னேன்.
சிரிக்கவில்லை. கொஞ்சம் யோசித்தாள்.
"அந்தக் காத்து எங்கயிருந்து கெளம்பிச்சுண்ணு
ஆரும் இப்பிடி நடந்து அளந்தாவளா?"

பயிற்சியில் சொல்லித் தரவில்லை.
திரும்ப நடந்தோம்.
அவள் முன்னே போய்ச்
சிலந்தி வலைகளைக் கத்தி முனையால் விலக்கினாள்.
எல்லைக் கல்லருகே மறுபடியும் நின்றுபோனது கோடு.
'மாநிலம் ஒன்றை மட்டும் தேர்வு செய்க.'
முதல் புள்ளிக்கும் கடைசிப் புள்ளிக்கும் நடுவே
இரண்டடி இடைவெளி,
ஒரு கோழி தாராளமாகப் போகலாம்.
போகவும் செய்தது.

அப்போதுதான் சூப்பர்வைசரின் செய்தி வந்து விழுந்தது:
விதி ஓராண்டு தள்ளி வைக்கப்பட்டிருக்கிறது,
பணியை நிறுத்த வேண்டாம்.

வாசித்துச் சொன்னேன்.
வாளியை மறுகைக்கு மாற்றினாள்.
"அப்பம் இண்ணைக்குள்ள பால
கடைக்காரன் எடுப்பானா?"
"எடுப்பான்."
"அடுத்த வருசம்?"
நான் போனைப் பார்த்தேன்.
அது என் முகத்தைக் காட்டியது, பேட்டரி பதினொன்று.

"பின்ன எதுக்கு நிக்குதிய? நடங்க.
பால் ஒறைஞ்சிரும்."