கடவுச்சொல்

ஊதியூர் மலைமேல் முதல் கருவியைக் கட்டினோம்.
அங்கிருந்து பார்த்தால் ஊர் தெரியவில்லை,
தென்னைக்குள் முங்கிக் கிடந்தது.
வாய்க்காலுக்கு அக்கட்டால
ஒரு தண்ணீர்த் தொட்டி மட்டும்
வெயிலில் மொட்டையாக நின்றது.
இந்த அலைக்கு நேர்ப்பார்வை வேண்டும்.
வேறெதையும் அது விசாரிக்காது.

தலைவர் வீட்டு மாடி,
சொசைட்டிக் கட்டடம், கல்யாண மண்டபம்
மூன்றையும் காட்டினார்கள், டீ வாங்கிக் கொடுத்து.
மூன்றிலும் ஏறி மடிக்கணினியை விரித்தேன்.
மட்டையும் குலையும்தான் குறுக்கே.
"அப்ப அங்கயா வெக்கப் போறீங்?"
கேட்டவர் கையை நீட்டினார்.
பேர் சொல்லவில்லை.

கேபிள்காரர் பதினைந்து வருஷத்துக்கு முன்
பாலம் வரைக்கும் கம்பி இழுத்து
அங்கேயே சுருட்டித் தொங்கவிட்டிருந்தார்.
கம்பி என்றால்
ஒவ்வொரு தெருவையும் கேட்டுத்தான் வர வேண்டும்.
இது மலையிலிருந்து கிளம்பி
ஒருத்தரையும் கேட்காமல்
தொட்டியில் இறங்கியது.

சத்துணவுக் கூடத்தின் பின்னறை.
ஒரு பெட்டி, இரண்டு பேட்டரி, ஏழு பழைய டேப்லெட்.
நார் மில்லில் மட்டை உலர்த்தும் நாகமணி,
பத்தாவதில் கணக்கில் மட்டும் தோற்றவள்,
"சாவி என்ற கிட்டயே இருக்கட்டுங்" என்றாள்.
கடவுச்சொல்லையும் அவளே வைத்தாள்.
எனக்குச் சொல்லவில்லை.
நான் கேட்கவுமில்லை.

ஆடி பிறந்ததும்
குறுக்கே இருந்த காற்றாலை விழித்துக்கொண்டது.
இறக்கை கடக்கும்போதெல்லாம் பாடம் அறுந்தது.
"வட்டி என்பது..." என்ற வாத்தியார்
வாயைத் திறந்தபடி உறைந்தார்.
அந்த இடைவெளியில்
"அது எங்களுக்கே தெரியுமுங்" என்றாள் மாரக்காள்.
கூடம் சிரித்து அடங்கவும்
வாத்தியார் திரும்பி வந்தார்.

அப்புறம் கணக்குப் போட்டார்கள்.
வாங்கியது இருபத்தைந்தாயிரம்.
வாரம் அறுநூற்று நாற்பது, ஐம்பத்திரண்டு வாரம்.
அட்டையில் பதினெட்டு சதவீதம் என்றிருந்தது.
திரையில் முப்பத்து மூன்று வந்தது.
மூன்று முறை போட்டார்கள்,
காற்றாலை நின்ற பிறகு ஒரு முறை.
செவ்வாய்க்கிழமை வசூலுக்கு வந்த தம்பியின் பக்கம்
ஏழு திரைகளும் திரும்பின.
அவருக்கு அவசரமாக வேறு ஊர் இருந்தது.

அலைக்கு வாய்க்கால் ஒரு பொருட்டில்லை.
ஊர்ப்பக்கக் கரையில் இரண்டு கோடு கிடைத்தது.
ராத்திரியானால் அங்கே பைக்குகள் நின்றன.
ஒன்று முதல் எட்டு வரை அடித்துப் பார்த்தார்கள்.
அம்மன் பேர், நடிகர் பேர்,
வண்டி நம்பர், தலைவர் வீட்டு நாயின் பேர்.
தப்பிய முயற்சிகளைப் பெட்டி எண்ணி வைக்கும்.
காலையில் நாகமணி எனக்குப் போன் செய்வாள்:
"நேத்து நூத்திப் பதினொண்ணுங்."

ஆவணியில் ஒரு சாயங்காலம்
தோப்புக்கார வீட்டு மருமகள் பூங்கொடி
தீவனப்புல் கட்டை இறக்கி வைத்துவிட்டுக்
கரையில் நின்றாள்.
குரூப் ஃபோர் பரீட்சைக்கு நாற்பது நாள்.
வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.
தண்ணீர் நிறையப் போய்க்கொண்டிருந்தது.
சத்தம் போட்டுத்தான் கேட்க வேண்டும்,
கேட்டாள்.

நாகமணி எட்டிப் பார்த்தாள்.
"கஷ்டமில்லீங் அம்மிணி.
எங்க தெருப் பேருதானுங்."

தார்ச்சாலை முக்கில்
பச்சைப் பலகையில் வெள்ளை எழுத்தில்
வருஷக்கணக்காக நிற்கிற பேர்.
தினமும் அதைத் தாண்டித்தான்
பால் சொசைட்டிக்குப் போகிறாள்.
பூங்கொடி போனைப் பார்த்தாள்,
பாலத்தைப் பார்த்தாள்.
வாய் எதையோ தேடியது.
வீட்டில் அந்தப் பக்கம் என்பார்கள்,
இன்னொரு சொல்லும் சொல்வார்கள்.
எட்டு எழுத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டுமே.

நாகமணி சொல்லித் தரவில்லை.
கதவைச் சாத்தவுமில்லை.

புல்கட்டு கரையிலேயே கிடக்க
அவள் தார்ச்சாலைப் பக்கம் நடந்தாள்.
தொட்டி மேலிருந்த நான்
ஆன்டெனா திருகை முறுக்குகிற மாதிரி
பார்த்துக்கொண்டிருந்தேன்.
பலகைக்கு முன்னால் நின்றாள்.
உதடு அசைந்தது,
ஒரு தரம், இன்னொரு தரம்.
இருட்டிக்கொண்டு வந்தது. காற்றும் எழும்பியது.

கீழே பெட்டியில்
எட்டாவது பச்சை விளக்கு
மினுங்கியது, இறக்கை கடக்க அணைந்தது,
திரும்ப மினுங்கியது.